டாக்டரம்மாவின் காருக்கு நான் வைத்த எஞ்சின்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் எங்கள் டாக்டரம்மா. குழித்துறைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், தன் காரைத் தானே ஓட்டுவார். அவருடைய சிறிய ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மருந்து கலக்குவதுதான் பிழைப்பு என்றாலும், எந்த இயந்திரத்தைக் கண்டாலும் மூடியைத் திறந்து உள்ளே பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை இரண்டு முறை பிரித்து, இரண்டு முறையும் ஒரு திருகாணி மிச்சமாகும்படி சேர்த்தவன் நான். கடிகாரம் என்னவோ ஓடத்தான் செய்தது.

டாக்டரம்மாவின் கார் மிகச் சிறியது. ஏழு குதிரைச் சக்தி என்று சொல்வார்கள்; அதில் இரண்டு குதிரை நோஞ்சான் என்பது என் எண்ணம். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒரு மருந்துப்பெட்டி, அவ்வளவுதான் இடம். சமதரையில் சமர்த்தாகப் போகும். ஏற்றம் என்றால்தான் அழும்.

வியாழக்கிழமைதோறும் எங்களுக்கு ஒரு ஏற்றம் இருந்தது. பூதப்பாண்டி தாண்டி, தடிக்காரன்கோணத்துக்கும் மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே வேலை செய்தவர்களுக்கு மலைக்காய்ச்சல் ஓயாது. வாரம் ஒருமுறை டாக்டரம்மா போய்ப் பார்த்து மருந்து கொடுப்பார். கடைசி இரண்டு மைல் மலைப்பாதை. முழங்காலில் வாதம் இருந்ததால் அவரால் நடந்து ஏற முடியாது. காரோ முன்பக்கமாக ஏறாது. அதனால் அடிவாரத்தில் காரைத் திருப்பி நிறுத்தி, பின்பக்கமாக ஏற்றுவோம். சிறிய கார்களில் பின்னால் போகும் கியருக்குத்தான் இழுவை அதிகம். அப்போது மலைப்பக்கம் கார் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். டாக்டரம்மா வெள்ளைச் சேலையோடு, கழுத்தை முழுக்கத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு இரண்டு மைலும் ஓட்டுவார். நான் மறுபக்கம் தலையை நீட்டி, "வலது, வலது, போதும்" என்று கத்திக்கொண்டு வருவேன். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரம்மாவுக்குக் கழுத்து திரும்பாது. நோயாளியைப் பார்க்க உடம்போடு திரும்புவார். அவருக்கு வலித்தைலம் கலக்கிக் கொடுப்பவன் நான். அந்தத் தைலத்தைக் கலக்கும்போதெல்லாம், இந்தக் காருக்குக் கொஞ்சம் பலம் இருந்தால் இவருக்கு இந்தப் பாடு இல்லையே என்று நினைப்பேன்.

அந்த வருஷம் டாக்டரம்மா மேற்படிப்புக்காக மூன்று மாதம் சென்னைக்குப் போனார். வேறொரு டாக்டர் காலையில் மட்டும் வந்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டார். மலைக்கு எஸ்டேட்காரர்களே ஆள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கார் கொட்டகையின் கூரை ஒழுகியதால், காரை என் பொறுப்பில் விட்டுப் போனார் டாக்டரம்மா. "வாரம் ஒருக்க ஸ்டார்ட் செய்து போடும். எலி ஏறாம பாத்துக்கிடும்" என்றார். இவ்வளவுதான் எனக்கு இட்ட கட்டளை.

நான் இராஜாக்கமங்கலத்தில் மனைவி வீட்டோடு இருந்தேன். அங்கே கயிறு திரிக்கும் நீளமான ஓலைக்கொட்டகை ஒன்று உண்டு. அதை ஆண்டுகொண்டிருந்தவர் என் மனைவியின் அக்கா. எங்கள் பக்கத்தில் மைனி என்போம். இடுப்பில் தும்பை, அதாவது தேங்காய் நாரை, கட்டிக்கொண்டு, ராட்டினத்திலிருந்து பின்னால் நடந்து நடந்து கயிறு திரிப்பார். வாயும் ராட்டினம் மாதிரிதான், நிற்காது. கொட்டகையில் பாதியைக் காருக்கு விட்டுக்கொடுத்ததை அவர் எனக்குத் தினமும் ஒருமுறை ஞாபகப்படுத்துவார்.

முதல் இரண்டு வாரம் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் செய்துவிட்டு மூடி வைத்தேன். மூன்றாவது வாரம் வடசேரியில் பட்டறை வைத்திருந்த என் சிநேகிதரைப் பார்க்கப் போனதுதான் வினை. நெற்றியில் நீள நாமம், கை நிறைய கிரீஸ், எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர். அவர் பட்டறையில், ஆரல்வாய்மொழிப் பக்கம் புளியமரத்தில் மோதி நொறுங்கிய ஒரு பெரிய கார் கிடந்தது. உடம்புதான் நொறுங்கியிருந்ததே தவிர எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. பதினான்கு குதிரைச் சக்தி. அதைத் தட்டிப் பார்த்தேன். தடவிப் பார்த்தேன். அவருக்கோ, தாழக்குடியில் ஒருவர் வயலுக்குத் தண்ணீர் இறைக்கச் சின்ன எஞ்சின் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாராம். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எஞ்சினுக்கு எஞ்சின். பேச்சு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

ஒரு அவுன்ஸ் மருந்தை இரண்டு அவுன்ஸாகக் கொடுக்கக் கை நடுங்குகிற நான், காருக்கு ஏழு குதிரையைப் பதினான்காக்க ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அடுத்து வந்த வாரங்கள் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமானவை என்று சொன்னால் என் மனைவி கோபிப்பாள், ஆனால் உண்மை அதுதான். நானும் பட்டறைக்காரரும் மூன்று தென்னந்தடிகளை முக்காலியாக நட்டு, மைனி திரித்த கயிற்றையே நாலு புரியாகப் போட்டு, பழைய எஞ்சினைத் தூக்கி இறக்கினோம். புதிய எஞ்சின் ஒரு சாண் நீளம் கூடுதல். அதனால் தண்ணீர்த் தொட்டியை முன்னால் தள்ளினோம். கால் வைக்கும் இடத்துத் தகரத்தை வெட்டினோம். எஞ்சினோடு அதன் கியர்ப்பெட்டியும் வந்ததால், சக்கரத்துக்குப் போகும் தண்டைக் கடைசல் பிடித்துக் குறைத்தோம். ஒன்றை மாற்றினால் அதற்குப் பக்கத்தில் இருப்பது பொருந்தாது. அதை மாற்றினால் அதற்கும் அடுத்தது. ஏன் பொருந்தவில்லை, எப்படிப் பொருத்தலாம் என்று சாப்பிடும்போதும் சோற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் சென்னைக்குக் கார்டு எழுதுவேன்: "வண்டி சுகமாக இருக்கிறது." அந்த நேரத்தில் வண்டி ஓலைப்பாயில் துண்டு துண்டாகப் படுத்திருக்கும்.

எல்லாம் மாட்டி முடிக்கும் சமயம், வந்ததுதான் வந்தோம், பின் அச்சையும் கழுவிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கும். அது அச்சில் உள்ள பெரிய பல்சக்கரத்தைச் சுற்றவைக்கும். அதனால்தான் பின்சக்கரங்கள் உருளும். எல்லாவற்றையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, தும்பால் துடைத்து, நானே என் கையால் மாட்டினேன்.

வண்டியைக் கிளப்பும் நாள் வந்தது. பட்டறைக்காரர் கைப்பிடியைச் சுழற்ற, எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்து உறுமியது. கொட்டகையே அதிர்ந்தது. நான் பெருமையோடு ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டேன். கார் விருட்டென்று பின்னால் பாய்ந்து, தும்புக் குவியலுக்குள் முக்கால்வாசி புதைந்தது.

கியரைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் போட்டேன். மறுபடியும் பின்னால்தான். இரண்டாம் கியரும் பின்னால். மூன்றாவதும் அப்படியே. கடைசியில் பின்னால் போகும் கியரைப் போட்டதும் கார் நத்தையாக முன்னால் வந்தது. தலையெல்லாம் தும்போடு நான் இறங்கினேன். கயிறு திரிக்கும் பெண்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மாப்பிளே, நாங்க கயிறு திரிக்கதும் பின்னால நடந்துதான். ஒம்ம வண்டியும் எங்க கூட்டந்தான்" என்றார் மைனி.

அவமானம் ஒரு பக்கம். ஆனால் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். மலைக்கு எப்படியும் பின்பக்கமாகத்தானே ஏறுகிறோம்? இப்போது பின்னால் போக மூன்று கியர் கிடைத்திருக்கிறதே! இது தவறே அல்ல, அதிர்ஷ்டம் என்று அன்று முழுவதும் நம்பினேன். பட்டறைக்காரரிடம் சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓய், மலை இருக்கட்டும். நாரோயிலுக்கு எப்படி ஓய் போவீரு? நத்தையா ஊந்துக்கிட்டா?"

பிறகு எனக்கு இன்னொரு ஞானம் பிறந்தது. பெரிய எஞ்சின் வேறு தேசத்தில் செய்தது. ஆகவே அது எதிர்ப்பக்கம் சுற்றும் ஜாதி. இதை நிரூபிக்க இரண்டு நாள் செலவழித்து எஞ்சினை மறுபடி இறக்கினேன். பார்த்தால் அதுவும் பழையது சுற்றிய பக்கமாகவே சுற்றுகிறது. கியர்ப்பெட்டியைத் திறந்தோம். அதிலும் குறை இல்லை. அன்று மாலைத் தபாலில் டாக்டரம்மாவின் கடிதம் வந்தது. படிப்பு முன்னதாகவே முடிந்துவிட்டதாம். திங்கட்கிழமை வருகிறார், வியாழக்கிழமை வழக்கம்போல மலைக்குப் போக வேண்டும். திங்களுக்கு இருந்தது நான்கே நாள். பழைய எஞ்சினோ தாழக்குடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் திருப்பி மாட்டவும் வழியில்லை. வேலை போனால்கூடப் பரவாயில்லை; அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் அச்சின் மூடியையும் திறந்துவைத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். மைனி ராட்டினத்தை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார். எங்கள் பேச்சில் அடிபட்ட சின்னப் பல்சக்கரம் எது, பெரியது எது என்று கேட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்க வாரும்" என்று ராட்டினத்துக்குக் கூட்டிப்போனார். கயிறு முறுக்கும் கம்பியைச் சுழலவிட்டு, ஒரு தேங்காய்ச் சிரட்டையை விரல்நுனியில் தாங்கி, அதன் வாய் விளிம்பு கம்பியின் இடப்பக்கத்தை லேசாகத் தொடும்படி வைத்தார். சிரட்டை ஒரு திசையில் சுற்றியது. அதே சிரட்டையைத் திருப்பிப் பிடித்துக் கம்பியின் வலப்பக்கம் தொடவைத்தார். எதிர்த்திசையில் சுற்றியது.

"கம்பி ஒரே பக்கந்தான் சுத்துது. தொடுத பக்கந்தானே மாறுது? ஒம்ம பெரிய சக்கரம் முந்தி எந்தப் பக்கம் இருந்துது?"

ஓடிப்போய் மறுபடி காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கழுவி மாட்டும்போது அச்சை இடவலம் மாற்றி வைத்திருக்கிறேன்! சிறிய சக்கரத்துக்கு ஒரு பக்கம் இருக்க வேண்டிய பெரிய சக்கரம் மறுபக்கம் போய்விட்டது. புத்தகம் படித்தவன் நான். நாள்கணக்கில் எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மைனிக்கு அது ஒரு சிரட்டையில் தெரிந்துவிட்டது. அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிடவும் செய்தேன். அதற்கும் சிரித்தார்.

அச்சைத் திருப்பி மாட்டினோம். கார் முன்னால் பறந்தது. நாகர்கோவிலுக்கு ஓட்டிவரும்போது, வழியில் குறுக்கே வந்த மாட்டுவண்டிக்காகப் பிரேக்கை அழுத்தினேன். வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி ஏழெட்டு முழம் போய்த்தான் கார் நின்றது. எஞ்சின் பெரிது, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு மறந்தும் போனேன்.

டாக்டரம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மலையடிவாரத்தில் வைத்து அவரை அசத்திவிட வேண்டும் என்பது என் திட்டம். வியாழக்கிழமை காலை காரை எடுத்தவுடனே, "கம்பவுண்டரே, சத்தம் மாறியிருக்கே?" என்றார். நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறேன் என்று மழுப்பினேன். பூதப்பாண்டியில் ஒரு எருமைக் கூட்டம் சாலையைக் கடந்தது. டாக்டரம்மா பிரேக்கை மிதித்தார். இன்னும் பலமாக மிதித்தார். கடைசி எருமையின் வாலுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி வண்டியைக் கிளப்பினார்.

அடிவாரத்தில் வழக்கம்போல காரைத் திருப்பப் போனார். "திருப்பாதீங்க டாக்டரம்மா. நேரே விடுங்க" என்றேன். அவர் சந்தேகத்தோடு கியரை மாற்றி மிதித்தார். கார் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, நீர் ஓடும் கல்பாலம். எதிலும் தயங்கவில்லை. மூன்றாம் வளைவில் டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். ரப்பர் மரங்களை முன்பக்கமாகப் பார்த்துக்கொண்டு அவர் அந்தப் பாதையில் ஏறியது அதுதான் முதல்முறை. பால் வெட்டுகிறவர்கள் கையைத் தூக்கிக் கூவினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேலே போனதும் அவர் முதலில் நோயாளிகளைப் பார்த்தார். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாம் முடிந்து கையைக் கழுவிவிட்டு வந்து, காரின் முன்மூடியைத் திறக்கச் சொன்னார். நான் ஆசையோடு திறந்து காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இது எங்கிருந்து வந்தது, அது ஏன் தள்ளியிருக்கிறது, இதை எப்படி மாட்டினீர்கள் என்று. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு கேட்டார். நானும் அச்சு திரும்பிய கதைவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். மைனியின் சிரட்டையைக் கேட்டு மறுபடியும் சிரித்தார்.

"எனக்க பழைய எஞ்சின் எங்க?"

தாழக்குடியில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறது என்றேன். சொல்லும்போதுதான் அந்த வாக்கியம் என் காதிலேயே வேறு மாதிரி விழுந்தது. டாக்டரம்மா மூடியை மெதுவாகச் சாத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"கம்பவுண்டரே, ஒரு ஆளுக்க வயித்தைத் திறக்கதுக்கு முன்ன நான் அந்த ஆளுகிட்ட கேக்கேன். அவங்க சரின்னு சொன்ன பெறவுதான் கத்தியைத் தொடுவேன். நீரு எனக்க வண்டியைத் திறக்கதுக்கு முன்ன எனக்கிட்ட கேட்டீரா?"

அவர் பாதையின் பக்கம் திரும்பி, கீழே செங்குத்தாக இறங்கும் வளைவைக் காட்டினார்.

"ஏறதுக்குப் பெரிய எஞ்சின் வச்சீரு. இறங்கதுக்கு என்ன வச்சீரு?"

எருமை வால் கண்முன்னால் வந்தது. அன்று குறுக்கே வந்த மாட்டுவண்டியும் நினைவுக்கு வந்தது. எஞ்சினின் கனம் கூடியிருக்கிறது. பிரேக் அதே பழைய பிரேக். சமதரையிலேயே நிற்காத வண்டி இந்த இறக்கத்தில் எப்படி நிற்கும்? சின்னக் கியரில் ஊர்ந்து நானே இறக்கிவிடுகிறேன் என்று முனகினேன். வேண்டாம், உயிரை வைத்துப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எஸ்டேட்டில் அன்று மாட்டுவண்டியும் இல்லை. கார் மேலேயே நின்றது. டாக்டரம்மா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

அடிவாரத்துக்கு இரண்டு மைல்; அங்கே போனால்தான் ஊருக்கு மாட்டுவண்டி கிடைக்கும். மருந்துப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்கு வேதனை என்று எனக்குத் தெரியும். எத்தனை பேருக்குச் சொல்லி மருந்து கொடுத்திருக்கிறேன்! ஒவ்வொரு வளைவிலும் அவர் நின்று, மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்த்துத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கல்பாலத்தில் உட்கார்ந்தபோது அவர் காலைப் பார்த்தேன். வீங்கியிருந்தது. யாருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேனோ, அவரைத்தான் நடக்கவைத்திருக்கிறேன். அழுகையை அடக்க முடியாமல் ஓடைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

பத்து நாளில் பட்டறைக்காரர் அந்த நொறுங்கிய காரின் பெரிய பிரேக்குகளை மலைமேலேயே கொண்டுவந்து மாட்டினார். அதற்கு முன்பு நான் டாக்டரம்மாவிடம் போய், எதைக் கழற்றப் போகிறோம், எதை மாட்டப் போகிறோம் என்று தாளில் வரைந்து காட்டி அனுமதி கேட்டேன். அவர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "செய்யும்" என்றார். அந்தக் கார் அதற்குப் பிறகு பல வருஷம் அந்த மலையில் ஏறி இறங்கியது. டாக்டரம்மா என்னை வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை. அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை. வருகிறவர்களிடம் மட்டும், "எங்க கம்பவுண்டரு செய்த வண்டி" என்று சொல்வார். அந்தப் பெருமையை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு முறையும் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அவருடைய கழுத்து வலிக்காகத்தான் அதைச் செய்தேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கழுத்து வலிக்காகச் செய்திருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன், கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை என்பதை இந்த வயதிலும் நினைத்து வெட்கப்படுகிறேன்.